எண்பதுகளின் நினைவேக்கமும் சிவகாசியும்

எண்பதுகளின் நினைவேக்கம் என்பது 1970-களில் பிறந்து 1980-களில் சிறுவர்களாக இருந்த தலைமுறையினர், அக்காலத்துப் பாட்டு, சித்திரக்கதை, விளையாட்டு ஆகியவற்றைப் பற்றிப் பிற்காலத்தில் எழுதியும் பேசியும் உருவாக்கிக்கொண்ட மனநிலை. தமிழ்ச் சூழலில் ‘எய்ட்டீஸ் கிட்ஸ்’ என்ற பெயரில் புழங்குவது இதுவே. இந்த மனநிலையின் இரண்டு தூண்கள் இளையராஜாவின் பாட்டு கேசட்டும் சிவகாசியில் அச்சான காமிக்ஸும் ஆகும். சிவகாசி, இந்த நினைவுகள் அச்சான ஊர். அதே ஆண்டுகளில், அதே வயதுக் குழந்தைகள் தீப்பெட்டி ஆபீஸுகளில் வேலை பார்த்த ஊரும் அதுதான். நினைவேக்க எழுத்துகளை மதிப்பிடும்போது இவ்விரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டியிருக்கிறது.

சொல்

கடந்த காலத்தை எண்ணி உருகும் மனநிலைக்குத் தமிழில் ‘மலரும் நினைவுகள்’ முதல் ‘நினைவேக்கம்’ வரை பல சொற்கள் உள்ளன. ஈழ எழுத்தாளர் எஸ். பொன்னுத்துரை தன் யாழ்ப்பாண இளமை நினைவுகளைத் தொகுத்த நூலுக்கு ‘நனவிடை தோய்தல்’ என்று பெயரிட்டார். இவற்றில் பொருத்தமானது அதுவே எனலாம். தோய்வதென்றால் உள்ளே இறங்கி நனைவது. நனைபவருக்குத் தண்ணீரின் குளிர்ச்சி தெரியும். குளத்தின் அளவும் கரையில் யார் நிற்கிறார்கள் என்பதும் தெரியாது. எண்பதுகளைப் பற்றிய தமிழ் எழுத்தின் சுவை, குறை இரண்டுமே அந்தச் சொல்லில் அடங்கியிருக்கின்றன.

ஒரே நாடா

இங்கிலாந்தில் இந்தத் தலைமுறையின் நினைவேக்கம் வேறு பொருட்களைச் சுற்றி எழுந்தது. 1982 ஏப்ரலில் ஸின்க்ளேர் நிறுவனம் இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் என்ற வீட்டுக் கணினியை அறிமுகம் செய்தது. 48 கிலோபைட் நினைவகம் கொண்ட வகையின் விலை 175 பவுன். வீட்டுத் தொலைக்காட்சியே அதற்குத் திரை. விளையாட்டுகள் சாதாரண ஒலிநாடா கேசட்டில் விற்கப்பட்டன. டேப் ரெக்கார்டரைக் கணினியுடன் இணைத்து ஓடவிட்டால், சில நிமிடங்கள் கீச்சிடும் ஒலி கேட்கும். அதன்பின் விளையாட்டு திரையில் வரும். பாப் பாடல்களும் அதே வகைக் கேசட்டில்தான் இருந்தன. ஆகவே அந்நாட்டுச் சிறுவனின் நினைவில் பாட்டும் விளையாட்டும் ஒரே நாடாவில் சுற்றப்பட்டவை.

அந்த நாடா விருதுநகர் வட்டாரத்துக்கும் வந்தது. கணினி வரவில்லை. 1984-ல் மத்திய அரசின் ‘கிளாஸ்’ திட்டத்தின் வழியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட பள்ளிகளுக்கு பிபிசி மைக்ரோ கணினிகள் வழங்கப்பட்டன. ஆனால் வீட்டில் கணினி என்பது தமிழகச் சிற்றூர்களில் அன்று நினைத்துப் பார்க்க முடியாத ஒன்று. தொலைக்காட்சியில் செருகி ஆடும் ‘வீடியோ கேம்’ பரவலானது அடுத்த பத்தாண்டில்தான். எனவே தமிழகத்தின் எண்பதுகளில் கேசட் என்றால் பாட்டு மட்டுமே. கணினி விளையாட்டு இருந்திருக்க வேண்டிய இடத்தைக் காமிக்ஸ் நிரப்பியது.

கேசட்

சிங்கப்பூரிலிருந்தும் வளைகுடா நாடுகளிலிருந்தும் திரும்பியவர்கள் கொண்டுவந்த ‘டூ இன் ஒன்’ டேப் ரெக்கார்டர், எண்பதுகளில் ஒரு வீட்டின் மதிப்பைக் காட்டும் பொருளாக இருந்தது. பாட்டுப் பதிவு செய்துதரும் கடைகள் சிறு நகரங்களிலெல்லாம் இருந்தன. வேண்டிய பாடல்களைத் தாளில் எழுதி, காலி கேசட்டுடன் கொடுத்துவிட்டு வர வேண்டும். அறுபது நிமிடக் கேசட்டா, தொண்ணூறு நிமிடக் கேசட்டா என்பதைப் பொறுத்துப் பாடல்களின் எண்ணிக்கை மாறும். ‘ஏ’ பக்கத்தின் கடைசிப் பாட்டு பெரும்பாலும் பாதியில் அறுந்துபோகும். நாடா சிக்கினால் பென்சிலைச் செருகிச் சுற்றுவார்கள்.

இந்த விவரங்கள் நினைவேக்க எழுத்துகளில் திரும்பத் திரும்ப வருகின்றன. பென்சில் வராத கட்டுரையே இல்லை என்று சொல்லிவிடலாம். ஆனால் அவற்றுக்குள் கவனிக்கத் தகுந்த ஓர் இசையனுபவம் உண்டு. கடைக்காரர் பதிந்த வரிசை மனத்தில் நிலைத்துவிடும். முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு எங்கோ ஒரு பாட்டு முடியும்போது, அந்தப் படத்துக்குச் சிறிதும் தொடர்பில்லாத வேறொரு படத்தின் பாட்டுத் தொடக்கத்தை மனம் எதிர்பார்க்கும். இளையராஜாவின் எண்பதுகள் என்று பொதுவாகப் பேசப்படுவது உண்மையில் ஆயிரக்கணக்கான கேசட் கடைக்காரர்கள் தொகுத்த இளையராஜா. இந்தத் தொகுப்பாளர்களைப் பற்றித் தமிழ்த் திரையிசை விமர்சனம் பேசியது மிகக் குறைவு. அவர்களின் தொழில் பெரும்பாலும் காப்புரிமைக்கு வெளியே நடந்ததும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

மேலைப் பாப் இசையும் பெருமளவுக்கு இளையராஜாவின் வழியாகவே இந்த ஊர்களை எட்டியது. ‘சகலகலா வல்லவன்’ (1982) படத்தின் புத்தாண்டுப் பாடல் டிஸ்கோவைத் தமிழ்நாட்டுக் கொண்டாட்டமாக மாற்றியது. இன்றும் டிசம்பர் 31 இரவில் அது ஒலிக்கிறது. ‘புன்னகை மன்னன்’ (1986) படத்தின் இசைக்கோவைகளில் சின்தசைசரும் கணினி வழி இசைப்பதிவும் முன்னிலை பெற்றன. கணினியைப் பார்க்காத சிறுவர்கள் கணினியின் ஒலியைக் கேட்டது இவ்வாறுதான்.

டேப் ரெக்கார்டர் இல்லாத வீடுகளே மிகுதி. அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கும் பாட்டு கிடைத்தது. டீக்கடை ரேடியோ, இலங்கை வானொலி, கல்யாண வீட்டு மைக் செட், விருதுநகர் பராசக்தி மாரியம்மன் கோவில் பங்குனிப் பொங்கல் போன்ற திருவிழாக்களின் குழாய் ஒலிபெருக்கி ஆகியவற்றுக்குக் காசு வேண்டியதில்லை. பாட்டைக் கேட்க எழுத்தறிவும் வேண்டியதில்லை. காமிக்ஸிலிருந்து பாட்டு வேறுபடும் இடம் இது.

காமிக்ஸ்

முத்து காமிக்ஸ் 1972-ல் சிவகாசியில் எம். சௌந்திரபாண்டியனால் தொடங்கப்பட்டது. முல்லை தங்கராசன் அதன் தொடக்கக்கால ஆசிரியர். முதல் இதழ் ‘இரும்புக்கை மாயாவி’. 1984 ஜூலையில் சௌந்திரபாண்டியனின் மகன் எஸ். விஜயன் மிக இளம் வயதில் லயன் காமிக்ஸைத் தொடங்கினார். முதல் இதழ் ‘கத்தி முனையில் மாடஸ்தி’. அதே மாதத்தில் தினத்தந்தி குழுமத்தின் ராணி காமிக்ஸ் சென்னையிலிருந்து வெளிவரத் தொடங்கியது. தமிழ்ச் சிறுவர்களின் எண்பதுகள் என்று காமிக்ஸ் வாசகர்கள் சொல்வதன் தொடக்கப்புள்ளி இந்த 1984 ஜூலை.

தீப்பெட்டி லேபிள் அச்சடிக்கத் தொடங்கி, காலண்டர், பட்டாசு உறை, நோட்டுப் புத்தகம் என வளர்ந்த அச்சுத் தொழில் சிவகாசியினுடையது. தாள், மை, இயந்திரம், ஆள், வெளியூருக்கு அனுப்பும் வசதி அனைத்தும் ஒரே ஊரில் கிடைத்தன. பெருநகர இதழ்க் குழுமங்களின் துணையின்றி ஒரு காமிக்ஸ் பதிப்பகம் இங்கே நிலைத்ததற்கு அதுவே அடிப்படை. உள்ளே கறுப்பு வெள்ளைப் படங்கள், சாணித்தாள், பளபளப்பான வண்ண அட்டை. அந்த அட்டைக்கும் பட்டாசுப் பெட்டியின் லேபிளுக்கும் நிறத்திலும் அழகியலிலும் உள்ள உறவு பார்த்த மாத்திரத்தில் தெரியும்.

இந்த நினைவின் உள்ளடக்கத்தைப் பார்த்தால் ஒரு வியப்பு காத்திருக்கிறது. இரும்புக்கை மாயாவி பிரிட்டனின் ‘வேலியன்ட்’ வார இதழில் 1962-ல் தொடங்கிய தொடர். அதன் ஓவியர் ஹெசுஸ் பிளாஸ்கோ ஸ்பானியர். இயந்திர மனிதன் ஆர்ச்சி 1952-லும் ஸ்பைடர் 1965-லும் பிரிட்டனின் ‘லயன்’ வார இதழில் தோன்றியவர்கள். ஸ்பைடர் கதைகளில் பலவற்றை எழுதியவர் சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகல். பிரிட்டிஷ் லயன் 1974-லும் வேலியன்ட் 1976-லும் வேறு இதழ்களோடு இணைக்கப்பட்டு மறைந்தன. பிரிட்டிஷ் சிறுவன் ஸ்பெக்ட்ரத்தின் முன் உட்கார்ந்த காலத்தில் ஆர்ச்சியும் ஸ்பைடரும் அவனுக்கு அப்பா காலத்துச் சரக்கு. தமிழ்ச் சிறுவனுக்கோ அவர்கள் அந்த மாதம் பிறந்தவர்கள். ஆக, தமிழின் எண்பதுகளின் ஏக்கத்துக்குள் இருப்பது பெருமளவுக்கு இங்கிலாந்தின் ஐம்பதுகளும் அறுபதுகளும். இதை ஏமாற்றம் என்று கொள்ள வேண்டியதில்லை. ஒரு படைப்பு வாசகனைச் சென்றடையும் நாளே அவனுக்கு அதன் பிறந்தநாள்.

மொழியாக்கத்தில் நடந்தது இதைவிடச் சுவையானது. ஆங்கிலத் தொடரின் பெயர் எஃகு நகத்தை மட்டுமே குறிக்கிறது. தமிழ்ப் பெயர் அதற்கு ‘மாயாவி’ என்ற சொல்லைச் சேர்த்தது. மாயாவி என்பவன் புராணத்திலும் பாட்டி சொல்லும் கதையிலும் மறைந்து திரிபவன். ஆய்வக விபத்தில் கையை இழந்த லூயிஸ் கிராண்டேல் மின்சாரம் பாய்ந்தால் உடல் மறைந்து, இரும்புக்கை மட்டும் தெரிய உலவுவான். அந்த அறிவியல் கற்பனையை, மின்சாரம் எட்டாத வீடுகள் இருந்த கரிசல் கிராமத்துச் சிறுவன், தனக்கு முன்பே தெரிந்த மந்திரக்கதையின் வாசல் வழியாக உள்ளே எடுத்துக்கொண்டான். ஆர்ச்சியும் அப்படித்தான். அவன் ‘சட்டித்தலையன்’ ஆனதும் அயல்நாட்டு இயந்திரமாக இல்லாமல், வாய்த்துடுக்கான பக்கத்து வீட்டு அண்ணன் ஆகிவிட்டான். எண்பதுகளின் தமிழ்க் காமிக்ஸ் மொழியின் சாதனை இது. நினைவேக்கக் கட்டுரைகள் இந்த மொழியைப் பற்றிச் சொல்வதைவிட இதழின் எண்ணையும் விலையையும் பற்றியே அதிகம் சொல்கின்றன.

கதையாக வந்த கணினி

கணினியைக் கதையாக்கித் தந்த இன்னொருவர் சுஜாதா. ‘என் இனிய இயந்திரா’ ஆனந்த விகடனில் தொடராக வந்தது. அதன் ஜீனோ என்ற இயந்திர நாய் ஒரு தலைமுறையின் செல்லப்பிராணி. அவர் எழுத்தில் உருவான ‘விக்ரம்’ (1986) திரைப்படம் கடத்தப்பட்ட ஏவுகணையையும் கணினியையும் மையமாகக் கொண்டது. பிற்காலத்தில் மென்பொருள் துறைக்குச் சென்ற பலர் சுஜாதாவையே காரணமாகச் சொல்வது அறிந்ததே. தொட்டுப் பழகிய பொருளின் நினைவைவிட, வாசித்துக் கற்பனை செய்த பொருளின் நினைவில் வியப்பு மிகுதி. சலிப்பும் பழுதும் அதில் இல்லை. ஸ்பெக்ட்ரம் நினைவுகளில் பாதிக்குமேல் ஏறாமல் நின்றுபோன விளையாட்டுகளைப் பற்றிய புலம்பல்தான். ஆர்ச்சி ஒருநாளும் பழுதாகி அப்படி நின்றதில்லை.

விமர்சனம்

எண்பதுகளின் காமிக்ஸைப் பற்றிய எழுத்துகளில் பெரும்பாலானவை சேகரிப்பாளரின் பார்வை கொண்டவை. எந்த இதழ் கிடைப்பதற்கு அரிது, எந்த அட்டை யாரிடம் உள்ளது, பழைய புத்தகக் கடையில் எப்படிக் கிடைத்தது என்பவை அவற்றின் பொருள். தகவல் என்ற அளவில் அவற்றுக்குப் பயன் உண்டு. நூலகங்கள் சேமிக்காத ஓர் இதழ் மரபை இந்த வாசகர்களே காப்பாற்றினார்கள். ஆயினும் கதைகளை மறுவாசிப்பு செய்யும் துணிவு அவர்களிடம் குறைவு. ஆர்ச்சியின் தொடக்கக்காலக் கதைகளில் காட்டுவாசிகள் இயந்திரத்தைக் கண்டு அஞ்சி ஓடும் கூட்டமாக வருகிறார்கள். காலனியாதிக்கத்தின் கண் அது. காலனியாக இருந்த நாட்டின் சிறுவன் அந்தக் கண்ணோடு எப்படி ஒன்றினான் என்பது முக்கியமான கேள்வி. ஏக்கம் அந்தக் கேள்வியைக் கேட்க விடுவதில்லை.

இவற்றிலிருந்து விலகி நிற்பது ஆசிரியர் விஜயன் லயன் காமிக்ஸில் எழுதிய ‘சிங்கத்தின் சிறுவயதில்’ தொடர். எண்பதுகளின் சிவகாசியை வேலை நடக்கும் இடமாகக் காட்டும் எழுத்து அது. உரிமை வாங்குவது, மொழிபெயர்ப்பது, அச்சுக் கெடு, விற்காமல் திரும்பிய பிரதிகள், தவறான தேர்வுகள் என ஒரு பதிப்பாளரின் இளமை அதில் பதிவாகியுள்ளது. தன் பிழைகளைத் தானே கேலி செய்துகொள்ளும் நடை அதன் பலம். வாசகன் தோய்ந்து கிடக்கும் குளத்தை வெட்டியவரின் குறிப்புகள் என்பதால், தமிழ் நினைவேக்க எழுத்தில் அதற்குத் தனி இடம் உண்டு.

ஆனால் விஜயனின் தொடர் உட்பட இந்த வகை எழுத்துகளில் ஊரின் மறுபாதி வருவதில்லை. 1980-களில் சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி வட்டாரங்களில் தீப்பெட்டி, பட்டாசுத் தொழில்களில் குழந்தைகள் பெருமளவில் வேலை செய்தனர். விடியுமுன் கிராமங்களுக்கு வரும் ஆபீஸ் பஸ்ஸில் ஏறிப் போய்க் குச்சி அடுக்கினார்கள். வீட்டில் பெட்டி ஒட்டினார்கள். தீப்பெட்டித் தொழிலில் இருந்த குழந்தைகளில் பெண் பிள்ளைகளே மிகுதி. குழந்தைத் தொழிலாளர் (தடை மற்றும் ஒழுங்குமுறை) சட்டம் 1986-ல் வந்தது. குடும்பத்தாரோடு வீட்டில் செய்யும் வேலைக்கு அது விலக்கு அளித்ததால், பெட்டி ஒட்டும் கைகள் சட்டத்துக்கு வெளியே நின்றன. எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம், வேலைக்கு வைக்கப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் செலுத்த வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அதற்குள் எண்பதுகளின் சிறுமி திருமண வயதைக் கடந்திருப்பாள்.

காமிக்ஸ் பதிப்பகம் வேறு, தீப்பெட்டி ஆபீஸ் வேறு. ஒன்றின் பழியை மற்றொன்றின்மேல் ஏற்றுவது முறையாகாது. கேள்வி, நினைவு எழுதுபவர்களைப் பற்றியது. எண்பதுகளை எழுதுபவர்கள் சிவகாசியை ஓர் அஞ்சல் முகவரியாக மட்டும் நினைவில் வைத்திருக்கிறார்கள். தன் பத்து வயதில் அந்த முகவரிக்கு வாசகர் கடிதம் எழுதியவர், அங்கே தன் வயதுப் பிள்ளை என்ன செய்துகொண்டிருந்தது என்பதை ஐம்பது வயதிலாவது கேட்டிருக்கலாம்.

மறுபக்கம்

அந்தப் பிள்ளையைப் பற்றிய படைப்புகள் இல்லாமல் இல்லை. சலம் பென்னூர்கர் இயக்கிய ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ (1990) சிவகாசிக் குழந்தைத் தொழிலாளரைப் பற்றிய ஆவணப்படம். நேரு சொன்னதாக வழங்கும் ‘குட்டி ஜப்பான்’ என்ற பெருமைப் பெயரோடு குழந்தைகள் என்ற சொல்லைச் சேர்த்ததிலேயே அதன் விமர்சனம் இருக்கிறது. கரிசல் எழுத்தாளர் பூமணி, தேசிய திரைப்பட வளர்ச்சிக் கழகத்துக்காக இயக்கிய ‘கருவேலம் பூக்கள்’ 1990-களின் பிற்பகுதியில் உருவானது. தீப்பெட்டி ஆபீஸுக்குப் பிள்ளைகளை அனுப்பும் கிராமத்தைச் சொன்ன அப்படத்தில் நாசரும் ராதிகாவும் நடித்தனர். தமிழ்த் திரையுலகின் பொதுக் கவனத்தில் அது நிலைக்கவில்லை. எண்பதுகளை நினைவுகூரும் பட்டியல்களில் அதற்கு இடமே கிடையாது.

இந்தப் பக்கத்து எழுத்திலும் ஒரு குறை உண்டு. அறிக்கையும் தீர்ப்பும் குழந்தையைக் கைகளாக மட்டுமே காண்கின்றன: இத்தனை கட்டு, இவ்வளவு கூலி, இன்ன நோய். அந்தப் பிள்ளைக்குப் பிடித்த பாட்டு எது என்று அறிக்கை கேட்காது. ஆனால் கை மட்டும் ஓடும் வேலையில் வாய் சும்மா இருப்பதில்லை. கதிரறுக்கும் இடத்தில் இருந்த பாட்டு, குச்சி அடுக்கும் இடத்தில் சினிமாப் பாட்டானது. காமிக்ஸ் வாசித்த பையனுக்கும் பெட்டி ஒட்டிய சிறுமிக்கும் பொதுவாக இருந்த எண்பதுகளின் ஒரே பொருள் அந்தப் பாட்டுதான். ‘கரகாட்டக்காரன்’ (1989) பாடல்கள் திருவிழா மைக் செட்டில் ஒலித்தபோது இருவரும் ஒரே தெருவில் நின்று கேட்டார்கள். ஏக்கம் அவளுக்கும் உண்டு. அதை எழுதும் ஓய்வும் பள்ளிப் படிப்பும் அவனுக்கே கிடைத்தன.

ஏக்கமும் கொடுமையும் ஒரே சட்டகத்துக்குள் வர முடியும் என்பதற்குப் பக்கத்து மதுரையிலிருந்து ஒரு சான்று உண்டு. சசிகுமாரின் ‘சுப்ரமணியபுரம்’ (2008) 1980-ஆம் ஆண்டைச் சட்டை, முடி, திரையரங்கு, இளையராஜா பாட்டு என்று ஆசையோடு மீட்டெடுக்கிறது. பார்வையாளர் அதில் நன்றாகத் தோய்ந்த பிறகு, அதே தெருக்களில் துரோகமும் கொலையும் நடக்கின்றன. படம் முடிந்தபின் அந்தப் பாட்டைப் பழையபடி கேட்க முடிவதில்லை. எண்பதுகளின் சிவகாசியைப் பற்றிய நினைவெழுத்துக்கு இப்படம் நல்ல பாடமாக அமையக்கூடும்.

2012 ஜனவரியில் ‘லயன் கம்பேக் ஸ்பெஷல்’ வெளிவந்ததிலிருந்து பழைய நாயகர்கள் உயர்தரத் தாளில் மறுபதிப்பு பெறுகிறார்கள். அதை வாங்குபவர்களில் பெரும்பகுதியினர் நடுவயதினர். எண்பதுகளில் லயனின் தீபாவளி மலர் வரும் வாரங்களில்தான் பட்டாசு ஆபீஸுகளிலும் வேலை உச்சத்தில் இருக்கும். தமிழகத்தின் ஏதோ ஓர் ஊரில் ஒரு சிறுவனின் கைக்கு அந்தப் பண்டிகைக்கு இரண்டு பொருட்கள் வந்து சேரும்: ஒரு காமிக்ஸ், ஒரு பெட்டி மத்தாப்பு. இரண்டிலும் சிவகாசி என்று அச்சிட்டிருக்கும். முதலாவதை அவன் பத்திரப்படுத்தினான். இரண்டாவதன் அட்டையைக் கொளுத்தி முடித்ததும் தெருவில் எறிந்தான்.